ராட்டினம் தெற்கே போச்சு

ஜனவரி கடைசியில கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. "சனிக்கிழமை காலைல பத்து மணி. எல்லாரும் நேரா பார்க் வாசலுக்கு வந்துடுங்க. லேட்டா வர்றவங்களுக்கு வெயிட் பண்ண மாட்டோம்." புதுசா திறந்த வொண்டர்லா. ஹாஸ்டல் பசங்களுக்கு அங்க போக அரை மணி நேரம். நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு அதுகூட ஆகாது. என் வீடு திருவொற்றியூர். தேரடியில மெட்ரோ ஏறி, கிண்டியில இறங்கி, ஓ.எம்.ஆர். பஸ் பிடிச்சு, திருப்போரூர் பக்கம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி. மொத்தம் மூணு மணி நேரம்.

"எங்கம்மா இருக்கு அது?" அப்பா கேட்டார்.

"இள்ளலூர்பா. திருப்போரூர் பக்கம்."

"அந்த நேரத்துக்கு சூலூர்பேட்டை லோக்கல்ல ஏறினா ஆந்திராவுக்கே போயிடலாமே."

கிண்டல்தான். ஆனா மேப்ஸ்ல பார்த்தேன், உண்மை. எங்க வீட்டுல இருந்து ஆந்திரா பார்டர் பக்கம், வொண்டர்லா தூரம்.

கட்டில்ல படுத்திருந்த தாத்தா இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். "நாங்கள்லாம் நடந்தே போவோம்" அப்படின்னார். "ராயபுரத்துல இருந்து பார்க் டவுனுக்கு. உயிர்காலேஜ் பார்த்துட்டு, மூர் மார்க்கெட்டு சுத்திட்டு, ராட்டினம் ஆடிட்டு, பொழுது சாய நடந்தே வூட்டுக்கு வந்துடுவோம்."

உயிர்காலேஜ்னா என்னன்னு எனக்குத் தெரியல. மிருகக்காட்சி சாலையாம். எழும்பூர் மியூசியத்துக்குப் பேரு செத்தகாலேஜ். உயிரோட இருக்கறதெல்லாம் ஒரு காலேஜ்ல, பாடம் பண்ணி வெச்சதெல்லாம் இன்னொரு காலேஜ்ல. "அப்ப எங்க காலேஜ் எதுல சேரும் தாத்தா?"னு கேட்டேன். "நாலு வருஷமா போறவ நீ. நீதான் சொல்லணும்"னு திரும்பிப் படுத்துக்கிட்டார்.

தாத்தா சொன்ன இடத்தைத் தேடப் போய்தான் இந்தக் கட்டுரை ஆரம்பிச்சுது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இப்ப ரிப்பன் பில்டிங், நேரு ஸ்டேடியம், புறநகர் ரயில் நிலையம் எல்லாம் இருக்கே, அந்த மொத்த இடமும் ஒரு காலத்துல ஒரே பூங்கா. பேரு பீப்பிள்ஸ் பார்க். 1859-ல கவர்னரா வந்த சார்லஸ் டிரெவெல்யன் போட்ட திட்டம். 116 ஏக்கர். பதினொரு குளம், பேண்டு வாசிக்க மேடை, குளிக்கறதுக்கு இடம், உள்ளேயே அஞ்சரை மைல் ரோடு. மியூசியம் வளாகத்துல எட்வர்ட் பால்ஃபர் 1855-ல ஆரம்பிச்ச மிருகங்கள் கூட்டமும் பிற்பாடு இங்கதான் வந்து சேர்ந்துச்சு. அதுதான் தாத்தாவோட உயிர்காலேஜ். இடம் எங்கேன்னு கவனிங்க. பக்கத்துலயே ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, ராயபுரம். வேலை செய்யற ஜனங்க நடந்து வர்ற தூரத்துல ஊரோட பெரிய பூங்கா இருந்திருக்கு.

வருஷக் கடைசியில அங்க பெரிய சந்தை போடுவாங்க. பார்க் ஃபேர். கடை, வேடிக்கை, விளையாட்டு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. 1886 டிசம்பர் 31-ம் தேதி அந்தச் சந்தையில தீப்பிடிச்சு நூற்றுக்கணக்கானவங்க செத்துப் போனாங்க. சென்னையில கேளிக்கைக்குக் கூட்டம் கூடின இடத்துல நடந்த மோசமான விபத்துகள்ல ஒண்ணு இது. சென்ட்ரல்ல தினமும் லட்சம் பேர் இறங்கறாங்க, எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் இந்த மாசம்தான் தெரியும்.

அப்புறம் பூங்காவைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டாங்க. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், 1913-ல ரிப்பன் பில்டிங், பிறகு ஸ்டேடியம். 1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சுது. அந்த இடத்துலதான் இப்ப நாம கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிக்கற ஸ்டேஷன் நிக்குது. அதே 1985-ல மிருகங்களையும் வண்டலூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வண்டலூர் எந்தப் பக்கம்? தெற்கு.

டெல்லியிலயும் இதே கதைதான். இந்தியாவோட முதல் அம்யூஸ்மென்ட் பார்க்னு சொல்ற அப்பு கர் 1984-ல பிரகதி மைதானத்துல திறந்தாங்க. 2008-ல மூடி, சுப்ரீம் கோர்ட் விரிவாக்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தாங்க. ஊர் நடுவுல ராட்டினம் சுத்தினா, எந்த ஆபீசுக்காவது அந்த இடம் கண்டிப்பா தேவைப்பட்டுடும்.

எங்க ஏரியாவுல பூங்காவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ராயபுரத்துல ராபின்சன் பூங்கா இருக்கு. 1949 செப்டம்பர்ல கொட்டற மழையில தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். மத்த ஏரியாவுல பூங்காவுல சீசா இருக்கும், எங்க ஏரியாவுல கட்சியே ஆரம்பிச்சுடுவாங்க. எண்ணூர் கழிமுகம்கூட ஒரு காலத்துல வெள்ளைக்காரங்க பங்களா கட்டிக்கிட்டு, படகு விட்டு, பிக்னிக் போன இடம். இதை என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு எண்ணூர்னா சாம்பல், புகை, மிக்ஜாம் புயலப்போ கழிமுகத்துல மிதந்த எண்ணெய்.

நாங்க சின்ன வயசுல பார்த்த ராட்டினம் வேற மாதிரி. மாசி மாசம் தியாகராஜ சுவாமி கோயில் திருவிழா வந்தா நாலு தொட்டி வெச்ச கைராட்டினம் வரும். மரச்சட்டம். மோட்டார் கிடையாது. ஒரு அண்ணன் கீழ நின்னு தொட்டியைப் பிடிச்சுத் தள்ளுவார், வேகம் போதாதுன்னா சட்டத்துல தொத்திக்கிட்டு தன்னோட எடையையே போட்டு இழுப்பார். இதே அமைப்பை 1600-கள்லயே துருக்கி ஆட்சியில இருந்த ஊர்கள்ல பார்த்ததா ஐரோப்பியப் பயணிகள் எழுதி வெச்சிருக்காங்க. நானூறு வருஷமா மாறாத மெஷின். இது போக தெருவுக்குள்ள வர்ற தள்ளுவண்டி ராட்டினம். குதிரை, மயில், கார், நாலஞ்சு பிள்ளைங்க. ஆயா அஞ்சு ரூபா கொடுத்தா இருபது சுத்து. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். பதினெட்டுல நிறுத்திடுவார்.

பெரிய ராட்டினம்னா தீவுத்திடல்தான். கோட்டைக்குப் பக்கத்துல, கூவத்துக்கு நடுவுல இருக்கற தீவு. சுற்றுலாத் துறை எழுபதுகள்ல இருந்து அங்க வருஷா வருஷம் பொருட்காட்சி போடுது. வடசென்னைக்கும் தென்சென்னைக்கும் நடுவுல, ஒரே பஸ்ல போற இடம். டெல்லி அப்பளம், மிளகா பஜ்ஜி, கொலம்பஸ் கப்பல், பிரேக் டான்ஸ், டோரா டோரா, மரணக் கிணறு, நடுவுல ஜெயண்ட் வீல். அந்த ஜெயண்ட் வீலுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

அப்பா ஃபிட்டர். மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிகள்ல ஷட்டவுன் வேலை வரும்போது கான்ட்ராக்ட்ல போவார். ஷட்டவுன் இல்லாத மாசம் வருமானம் இல்ல. அப்படி ஒரு வருஷம் யாரோ கூப்பிட்டு, எக்ஸிபிஷன்ல ராட்டினம் ஏத்தற வேலைக்குப் போனார். அப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷம் தொடர்ந்து போனார். லாரியில வர்ற இரும்பை நாலஞ்சு நாள்ல நிக்க வெக்கணும். முதல்ல தரை. மண்ணு இறங்காம இருக்க ரயில்வே ஸ்லீப்பர் கட்டையை அடுக்கி மட்டம் பார்ப்பாங்க. அது மேல ரெண்டு பக்கமும் கால். செயின் பிளாக் போட்டு நடு அச்சைத் தூக்கி உக்கார வெக்கணும். அப்புறம் ஆரம் ஒவ்வொண்ணா. ஒரு ஆரம் மாட்டினா அடுத்தது அதுக்கு நேர் எதிர்ல. பக்கத்துல மாட்டினா சக்கரம் ஒரு பக்கமா இழுத்துக்கும். ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு பின், பின் கழண்டு வராம இருக்க அதோட முனையில ஒரு ஸ்ப்ளிட் பின். கையில ஒரு விரல் நீளம்கூட இருக்காது. தொட்டி மொத்தமும் அதை நம்பித்தான் தொங்குது.

ஆள் ஏத்தறதுலயும் இதே கணக்குதான். வரிசையில நிக்கறவங்களை அப்படியே அடுத்தடுத்த தொட்டியில ஏத்த மாட்டாங்க. ஒரு தொட்டி நிரம்பினா பாதி சுத்து சுத்தி எதிர்த் தொட்டியை நிரப்புவாங்க. சின்ன வயசுல நான் நினைச்சேன், ஆபரேட்டர் அண்ணனுக்கு எங்க மேல கோவம், வேணும்னே காக்க வெக்கறார்னு. மூணாவது வருஷம் டைனமிக்ஸ் பேப்பர்ல சுழலும் நிறைகளை பேலன்ஸ் பண்ற சாப்டர் வந்தப்பதான் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்து நோட்டுல படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "ஆமா, எதிர்ல ஏத்தணும்"னார். அவ்வளவுதான் சொன்னார். நான் அந்தப் பேப்பர்ல 58 மார்க்.

அப்பாவோட இடது கை மோதிர விரல்ல மேல் கணு கிடையாது. ஒரு வருஷம் ராட்டினம் ஏத்தும்போது பின் ஓட்டையை நேர் பார்க்க விரலை விட்டிருக்கார். மேல இருந்து எவனோ ஆரத்தை அசைச்சுட்டான். கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரி பில்லு பாதியைக் கொடுத்தார். மீதியை அடுத்த வருஷக் கூலியில சேர்த்துத் தரேன்னார். அடுத்த வருஷம் அவர் வரல. அப்பா மட்டும் வேலைக்குப் போனார். எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த டிசம்பர்லதான் எங்களை முதல் தடவை கூட்டிட்டுப் போய் ஜெயண்ட் வீல்ல ஏத்தி விட்டார். ஓசி டிக்கெட். நானும் அம்மாவும் ஏறினோம். அவர் ஏறல. "நீங்க போங்க. நான் கீழ நின்னு சத்தம் கேக்கறேன்." மேல இருந்து பார்க்கறப்போ எல்லாரும் அண்ணாந்து எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா மட்டும் தலையைக் குனிஞ்சு, இரும்புக் கால்ல கைய வெச்சுக்கிட்டு நின்னார். இன்னிவரைக்கும் எந்த ராட்டினத்துலயும் அவர் உக்காந்தது இல்ல.

தீவுத்திடல் வரைக்கும்தான் எங்க எல்லை. அதுக்கு அப்புறம் கட்டினதெல்லாம் தெற்கே தெற்கேன்னு போயிடுச்சு. முதல்ல ஈஞ்சம்பாக்கத்துல வி.ஜி.பி. கோல்டன் பீச். தவணை முறையில ரேடியோவும் கடிகாரமும் வித்த வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பம் கட்டினது. அங்க அசையாம நிக்கற சிலை மனிதனைச் சிரிக்க வெக்க என் சித்தப்பா ஒரு நாள் முழுக்க முயற்சி பண்ணி, கடைசியில சித்தப்பாவே அழுதுட்டாராம். அப்புறம் முட்டுக்காட்டுல எம்.ஜி.எம். மேற்கே பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட்.

1995-ல தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. அதைக் கட்டினவர் நவோதயா அப்பச்சன். 1984-ல மை டியர் குட்டிச்சாத்தான் எடுத்தவர், இந்தியாவோட முதல் 3டி படம். அந்தப் படத்துல பிள்ளைங்க சுவத்துல நடந்து, கூரையில தலைகீழா நடந்து வர்ற பாட்டு ஒண்ணு உண்டு. கிராபிக்ஸ் கிடையாது. ரூமையே இரும்புச் சட்டத்துல கட்டி, கேமராவோட சேர்த்து முழுசா சுத்தி எடுத்தது. பிள்ளைங்க எப்பவும் தரையிலதான் நடக்கறாங்க, சுத்தறது ரூம். ரெஃபரன்ஸ் ஃப்ரேம் புரியாத ஜூனியர்ஸ் யாராவது இருந்தா அந்தப் பாட்டைப் பாருங்க, எங்க பிசிக்ஸ் கிளாஸைவிட நல்லாப் புரியும். அப்படி ஒரு ஆள் ராட்டினப் பூங்கா கட்டினதுல ஆச்சரியமே இல்ல. அந்தப் பாட்டே ஒரு ரைடுதான்.

அம்மா வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கிஷ்கிந்தா போயிருக்காங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை பார்த்தப்போ கம்பெனி டூர். காலைல ஆறு மணிக்கு வேன், புளிசாதம், அந்தாக்ஷரி. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கறது அலைக்குளம். சத்தம் கேட்டதும் தண்ணி ஆட ஆரம்பிக்கும், எல்லாரும் ஓன்னு கத்துவாங்க. "கடல் மாதிரியே இருந்துச்சுடி"ன்னு இப்பவும் கண்ணு விரிய சொல்வாங்க. "உங்க வீட்டுல இருந்து கடல் எவ்ளோ தூரம்மா?"ன்னு கேட்டா, "ரெண்டு தெரு. ஆனா அதுல எங்க இறங்கறது? கல்லுதானே கொட்டி வெச்சிருக்கான்"ம்பாங்க.

இந்தக் கல்லு விஷயத்தை நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும். நம்ம கிழக்குக் கரையில கடல் நீரோட்டம் வருஷத்துல பெரும்பாலான மாசம் மணலைத் தெற்குல இருந்து வடக்கே தள்ளிக்கிட்டுப் போகும். 1875-ல மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டு, கடலுக்குள்ள கல்லால ரெண்டு கை நீட்டினாங்க. வடக்கே போக வேண்டிய மணல் தெற்குக் கையில முட்டி நின்னுடுச்சு. நின்ன மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அவ்வளவு அகலமாச்சு. 1880-கள்ல கிராண்ட் டஃப் அங்க நடைபாதை போட்டார், ஊரே காத்து வாங்கப் போச்சு. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வரவே இல்ல. அலை மட்டும் வந்துச்சு. கரை கரைஞ்சு, தெருவே கடலுக்குள்ள போச்சு. மிச்சத்தைக் காப்பாத்த கல்லு கொட்டினாங்க, தூண்டில் வளைவு போட்டாங்க. தாத்தா முப்பது வருஷம் வேலை செஞ்ச ஹார்பர் அது. அந்த ஹார்பர்தான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அதோட சுவருதான் எங்க மணலைப் பிடிச்சு மெரினாவுக்குக் கொடுத்துச்சு. அதனாலதான் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளிப் பொறந்த எங்கம்மா, வேன் பிடிச்சுத் தாம்பரம் போய் காசு கொடுத்து அலையில நின்னாங்க.

வேணும்னே வடக்கை ஒதுக்கினாங்கன்னு நான் சொல்லல. பார்க் கட்ட அறுபது, நூறு ஏக்கர் ஒரே இடத்துல வேணும். தெற்குல அப்ப சவுக்குத்தோப்பும் வயலும் சல்லிசா கிடைச்சுது. எங்க பக்கம் அந்த அளவு நிலம் இருந்தா அதுல எண்ணெய் டேங்க் வரும், இல்ல கன்டெய்னர் யார்டு வரும். புகைக்கு நடுவுல யார் டிக்கெட் வாங்கிட்டு வருவா? கார் வெச்சிருக்கறவன் எங்க இருக்கானோ அங்க பார்க் போகும். காரணம் எல்லாம் எனக்குப் புரியுது. புரிஞ்சும் காலைல ஆறே முக்காலுக்குத் தேரடி மெட்ரோவுல தூங்கி வழிஞ்சுக்கிட்டு நிக்கறப்போ கடுப்பாத்தான் இருந்துச்சு.

போய்ச் சேர்ந்தப்போ பத்து அஞ்சு. காத்துக்கிட்டு இருந்தாங்க, சும்மா மிரட்டியிருக்காங்க. 2025 டிசம்பர் 2-ம் தேதி பொதுமக்களுக்குத் திறந்த பார்க். 64 ஏக்கர், நாற்பதுக்கும் மேல ரைடு, அறுநூறு கோடிக்கு மேல செலவு. இதைக் கட்டினவங்களோட கதையும் சுவாரஸ்யம். வி-கார்டு ஸ்டெபிலைசர் வித்த கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல கொச்சியில வீகாலேண்ட்னு ஆரம்பிச்சதுதான் பின்னாடி வொண்டர்லா ஆச்சு. வீட்டுக்கு வீடு ஆட்டம் இல்லாம கரண்ட் கொடுத்தவர், ஆட்டத்துக்குன்னே ஒரு இடம் கட்டினார்.

தஞ்சோரான்னு ஒரு ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்து கம்பெனி செஞ்சது. தண்டவாளம் தலைக்கு மேல, கால் அந்தரத்துல தொங்கும். வரிசையில நிக்கறப்போ பசங்க எல்லாம் ரீல்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கோஸ்டர் சக்கரம் தண்டவாளத்தோட ஒரு பக்கம் மட்டும் ஓடாது. எடை தாங்க ஒரு செட், பக்கவாட்டுல ஒரு செட், எதிர்ப்பக்கம் இருந்து கவ்விப் பிடிக்க ஒரு செட். அந்தக் கவ்வற சக்கரத்தை ஜான் மில்லர்ங்கறவர் அமெரிக்காவுல 1919 வாக்கில் கொண்டு வந்த பிறகுதான் கோஸ்டர் இவ்வளவு வேகமா, செங்குத்தா இறங்க ஆரம்பிச்சுது.

1895-ல நியூயார்க் கோனி ஐலண்ட்ல முழு வட்டமா ஒரு லூப் கட்டினாங்க. வட்டத்தோட உச்சியில கீழ விழாம இருக்கற அளவு வேகம் இருந்தா, அடியில நம்ம எடை ஆறு மடங்கு ஆகிடும். ஃபர்ஸ்ட் இயர் கணக்குதான், போட்டுப் பாருங்க. உக்காந்தவங்க கழுத்தைச் சுளுக்கிக்கிட்டுப் போனாங்க, ரைடை மூடிட்டாங்க. 1976-ல வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டு, லூப்பை வட்டமா இல்லாம தலைகீழ் நீர்த்துளி மாதிரி வளைச்ச பிறகுதான் அது ஒழுங்கா வேலை செஞ்சுது. எண்பது வருஷம் ஆச்சு, வட்டத்தைக் கொஞ்சம் நசுக்கறதுக்கு.

ஏறினேன். கத்தினேன். ரெண்டாவது தடவையும் ஏறினேன். செம்மையா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இறங்கி வர்றப்போ ஒரு ஓரத்துல கதவு திறந்திருந்துச்சு. உள்ள பேண்ட் சட்டையில கிரீஸ் கறையோட ஒருத்தர் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். எங்க அப்பா வயசு. 2016 மே மாசம் கிஷ்கிந்தாவுல ரிப்பேர் முடிச்ச ஒரு ரைடை ஓட்டிப் பார்த்தப்போ அது உடைஞ்சு விழுந்துச்சு. சோதனை ஓட்டத்துக்கு உக்காந்திருந்தது அங்க வேலை செஞ்சவங்க. ஒருத்தர் இறந்தார், பல பேருக்கு அடி. போன வருஷம் மே மாசம் ஈ.சி.ஆர். பார்க் ஒண்ணுல ரைடு உயரத்துல நின்னுபோய், தீயணைப்பு வண்டி வந்து எல்லாரையும் இறக்கினப்போ டி.வி. பூரா ஓடுச்சு. அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. கிஷ்கிந்தா செய்தி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? நான்கூட இதை எழுதறதுக்காகத் தேடினப்போதான் ஞாபகப்படுத்திக்கிட்டேன். ஆனா அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வருஷம், மாசத்தோட சொன்னார்.

ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, ஃபிரெண்ட் எடுத்த வீடியோவை அப்பாகிட்ட காட்டினேன். நான் கத்தற இடம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னார். ரெண்டு விரலால பெருசாக்கினார். தண்டவாளம் தூணோட சேர்ற இடம். "போல்ட்டு எல்லாத்துலயும் பெயின்ட்ல கோடு போட்டிருக்கான் பாரு. நட்டு லூஸ் ஆனா கோடு நேரா நிக்காது. நல்லாப் பண்ணியிருக்கான்." ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், "இதெல்லாம் யாருமா ஏத்தறாங்க? நம்மாளுங்களா, வெளிநாட்டுல இருந்து வர்றாங்களா?" எனக்குப் பதில் தெரியல. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு, ஜூலையில சிறுசேரியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேரப் போறேன். ஜாவா டிரெயினிங். அப்பாவுக்குச் சந்தோஷம்தான், எனக்கும்தான். ஆனா அந்த ராத்திரி அவர் என்னைக் கேட்டது ஒரு இன்ஜினியர்கிட்ட கேக்கற மாதிரி இருந்துச்சு.

மாசித் திருவிழாவுக்கு இந்த வருஷம் எங்க ஏரியா காலி மைதானத்துல சின்னதா ஒரு எக்ஸிபிஷன் போட்டாங்க. ஜெயண்ட் வீல் வந்துச்சு. தீவுத்திடல்ல வர்றதைவிடச் சின்னது, பெயின்ட் உரிஞ்சது. தாத்தா ஏறணும்னு ஒரே பிடிவாதம். எண்பது வயசு, முட்டி வலி. "ஹார்பர்ல எத்தினி அடி ஒசரத்துல நின்னவன்டி நான்." அம்மா திட்டிக்கிட்டே அனுப்பினாங்க.

டிக்கெட் எழுபது ரூபா. நான் மூணு எடுத்தேன். அப்பா ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டு வரச் சொன்னார். ஆபரேட்டர் பையனுக்கு என் வயசுதான் இருக்கும். அப்பா அவன்கிட்ட போய் என்னவோ கேட்டார். அவன் முதல்ல எரிச்சலா பார்த்தான், அப்புறம் அப்பாவோட இடது கையைப் பார்த்தான். "அண்ணே, நீங்க ஏத்தற வேலையா?" ரெண்டு பேரும் குனிஞ்சு அச்சுப் பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. அப்பா ஒரு இடத்தைக் காட்டினார். பையன் ஓடிப் போய் கிரீஸ் டப்பா எடுத்துட்டு வந்தான். வரிசையில நின்னவங்க சத்தம் போட ஆரம்பிச்சாங்க. பத்து நிமிஷம் எல்லாரையும் காக்க வெச்சுட்டுத்தான் அப்பா எங்களைப் பார்த்துத் தலையசைச்சார்.

எங்களை ஏத்தி, பாதி சுத்து சுத்தி, எதிர்த் தொட்டியை நிரப்ப நிறுத்தினாங்க. நாங்க உச்சியில. காத்து பலமா இருந்துச்சு. தாத்தா என் கையைப் பிடிச்சிருந்தார், பயந்தது நானா அவரான்னு தெரியல. வடக்கே எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியில சிவப்பு லைட்டு. தெற்கே ஹார்பர் கிரேன் வரிசையா. கடல்ல, உள்ள வர இடம் கிடைக்காம காத்துக்கிட்டு இருந்த கப்பலோட விளக்கு. நான் இந்த ஊரை இவ்வளவு உயரத்துல இருந்து பார்த்ததே இல்ல. "அதோ, அந்தக் கல்லுக்கு அப்பால, தண்ணி இருக்குதே அங்க, எங்க மாமன் வூடு இருந்துச்சு"ன்னார் தாத்தா. எந்த இடம்னு எனக்குத் தெரியல. கருப்பா தண்ணிதான் தெரிஞ்சுது.

கீழ பார்த்தேன். அப்பா கூட்டத்தை விட்டுத் தள்ளி, இரும்புக் கால்ல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு நின்னார். சக்கரம் மறுபடி நகர ஆரம்பிச்சுது.